மொரிசியசில் சமயம்

மொரிசியஸ், இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஒரு சிறிய தீவு நாடாகும். ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர் பரப்பளவும் 12 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களும் கொண்ட இந்நாட்டில் இந்து சமயம், கிறித்தவம், இசுலாம் ஆகிய மூன்றும் பெருஞ் சமயங்களாக உள்ளன. ஆப்பிரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த நாடுகளுள் இந்துக்கள் மிகப் பெரிய சமயப் பிரிவினராக இருப்பது இங்கு மட்டுமே. இத்தீவுக்குத் தொல்குடிகள் என எவரும் இல்லை. ஆகவே இங்குள்ள எல்லாச் சமயங்களும் கடல் வழியாக வந்தவையே. எந்தச் சமயம் எப்போது, யாருடன், எந்த நிலையில் வந்தது என்பதே இன்றுவரை இந்நாட்டுச் சமய வாழ்வின் அமைப்பை விளக்குகின்றது.

மக்கள்தொகை

2011 ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி மக்களில் 48.5 விழுக்காட்டினர் இந்துக்கள், 26.3 விழுக்காட்டினர் உரோமன் கத்தோலிக்கர், 6.4 விழுக்காட்டினர் பிற கிறித்தவர், 17.3 விழுக்காட்டினர் முசுலிம்கள். பௌத்தர் உள்ளிட்ட பிறரும், சமயம் எதையும் சாராதோரும் மிகச் சிறு தொகையினரே. 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் இவ்வமைப்புப் பெரிதும் மாறவில்லை. முசுலிம்களின் பங்கு மட்டும் 18 விழுக்காட்டைச் சற்றே தாண்டியுள்ளது.

இவ்வெண்களை அப்படியே எடுத்துக்கொள்வது சில வேளைகளில் தவறான எண்ணத்தைத் தரக்கூடும். "இந்து" என்னும் சொல் மொரிசியசில் இரு பொருள்களில் வழங்குகின்றது. விரிந்த பொருளில் அது எல்லா இந்துக்களையும் குறிக்கும். அன்றாடப் பேச்சிலோ அது பீகாரிலிருந்தும் அதனை அடுத்த பகுதிகளிலிருந்தும் வந்த போச்புரி மொழியினரின் வழித்தோன்றல்களையே பெரும்பாலும் குறிக்கின்றது. தமிழர், தெலுங்கர், மராட்டியர் ஆகியோர் தத்தமக்கெனத் தனிக் கோயில்களும், கோயில் கூட்டமைப்புகளும், விழாக்களும் உடையவர்கள். கணக்கெடுப்பில் சமயம் எது என்று கேட்கும்போது "இந்து" என்று கூறாது "தமிழ்" என்றே பதியும் தமிழ் வம்சாவளியினரும் உள்ளனர். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இனத்தையும் மொழியையும் குறிக்கும் பெயர், இங்கு ஒரு சமயத்தின் பெயராகவும் ஆகிவிட்டது.

வரலாறு

ஒல்லாந்தர் 1598 இல் இத்தீவில் இறங்கி, தங்கள் இளவரசரான நாசோவின் மோரிசின் பெயரை இதற்கு இட்டனர். 1638 இல் தொடங்கிய அவர்களது குடியேற்றம் நிலைக்கவில்லை. 1710 இல் தீவை முற்றாகக் கைவிட்டுச் சென்றனர். சமய வாழ்வைப் பொறுத்தவரை அவர்கள் விட்டுச் சென்றது ஏதுமில்லை எனலாம்.

1715 இல் தீவுக்கு உரிமை கோரிய பிரெஞ்சுக்காரர் அதற்கு "பிரான்சுத் தீவு" எனப் பெயரிட்டனர். அவர்களுடன் கத்தோலிக்கம் வந்தது. மடகாஸ்கரிலிருந்தும் கிழக்காப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கவேண்டும் என்பது 1723 இல் இங்கு நடைமுறைக்கு வந்த அடிமைச் சட்டத்தின் விதிகளுள் ஒன்று. அடிமைகள் தாங்கள் கொண்டுவந்த வழிபாட்டைப் பகிரங்கமாகத் தொடர வழியின்றிப் போனது. அதன் எச்சங்கள் "லொங்கானிஸ்" எனப்படும் மாந்திரீக நம்பிக்கைகளிலும், இறந்தோர் பற்றிய சில வழக்கங்களிலும் மட்டுமே மறைவாகக் காணப்படுகின்றன.

1735 இல் ஆளுநராக வந்த மாஹே தெ லபூர்தொனே, போர்ட் லூயிஸ் நகரைக் கட்டுவதற்காகப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கைவினைஞர்களை வருவித்தார். (1746 இல் சென்னையைக் கைப்பற்றியவரும் இவரே.) தச்சர், கொத்தர் முதலியோரான இத்தமிழர்கள், ஒப்பந்தக் கூலிகள் வருவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்கள். அவர்களில் பலர் காலப்போக்கில் கத்தோலிக்கராயினர். ஆயினும் தீவில் இந்து வழிபாட்டின் தொடக்கம் இவர்களுடனேயே சேர்த்து எண்ணப்படுகின்றது. கப்பல்களில் பணிபுரிந்த முசுலிம் மாலுமிகளும் இக்காலத்திலேயே குடியேறினர். போர்ட் லூயிசில் அவர்களுக்குப் பள்ளிவாசல் அமைக்க 1805 இல் பிரெஞ்சு ஆட்சியாளர் நிலம் வழங்கினர்.

1810 இல் பிரித்தானியர் தீவைக் கைப்பற்றினர். சரணடைவு உடன்படிக்கையில் குடிமக்கள் தங்கள் சமயம், சட்டங்கள், வழக்கங்கள் ஆகியவற்றைப் பேணலாம் என்று உறுதி கூறப்பட்டது. பிரெஞ்சு நிலவுடைமையாளரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட இந்த ஒரு வரி, எதிர்பாராத வகையில் நீண்ட விளைவுகளைத் தந்தது. ஆங்கிலிக்கத் திருச்சபையே தங்கள் திருச்சபையாக இருந்தபோதும், கத்தோலிக்கக் குருமாருக்கும் அரசு ஊதியம் வழங்கவேண்டியதாயிற்று. அரசே சமயங்களுக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் இவ்வாறே வேரூன்றியது.

1835 பெப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிந்தது. அதற்கு முன்னரே, 1834 நவம்பர் 2 அன்று, 36 இந்தியத் தொழிலாளர்களுடன் "அட்லஸ்" என்னும் கப்பல் வந்து சேர்ந்தது. அடுத்த ஏறத்தாழ 90 ஆண்டுகளில் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கரும்புத் தோட்டங்களுக்காக அழைத்துவரப்பட்டனர். இவர்கள் இறங்கிய ஆப்பிரவாசி காட் எனும் படித்துறை 2006 இல் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. 1861 அளவில் இந்தியர் தீவின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினராயினர். ஒரு தலைமுறைக் காலத்துள் கத்தோலிக்கத் தீவு ஒன்று இந்துப் பெரும்பான்மைத் தீவாக மாறியது எனலாம்.

இந்து சமயம்

தோட்டங்களில் முதலில் தோன்றியவை கோபுரம் உள்ள கோயில்கள் அல்ல. கரும்பு வயலின் ஓரத்தில், ஒரு மரத்தடியில், சில கற்களை நிறுத்தி வழிபட்ட "காளிமாய்" எனப்படும் சிறு வழிபாட்டிடங்களே அவை. நோயும் புயலும் அணுகாதிருக்க ஊர் கூடி இங்கு பூசை செய்யும் வழக்கம் இன்றும் உண்டு. சில இடங்களில் பலியிடுவதும் தொடர்கின்றது. போச்புரி வழியினரின் வீட்டு முற்றங்களில் அனுமானுக்குரிய சிறு மாடமும், மூங்கில் கழியில் கட்டிய சிவப்புக் கொடியும் காணப்படும். ஒரு தெருவில் எந்த வீடு யாருடையது என்பதை அயலார் இக்கொடியைக் கொண்டே அறிந்துகொள்வர்.

மகா சிவராத்திரியே போச்புரி இந்துக்களின் மிகப் பெரிய விழா. தீவின் தென்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில், அணைந்த எரிமலை வாயில் அமைந்த கிரான் பசான் ஏரிக்கு அடியார்கள் நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வெள்ளுடை அணிந்து நடந்து செல்கின்றனர். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், வடக்கே திரியோலே என்னும் ஊரைச் சேர்ந்த பூசகர் ஒருவர் இவ்வேரியின் நீர் கங்கையுடன் தொடர்புடையதெனக் கனவு கண்டார் என்பது மரபு. 1972 இல் கங்கை நீர் கொண்டுவரப்பட்டு ஏரியில் கலக்கப்பட்டது. அன்றுமுதல் இது "கங்கா தலாவ்" என அழைக்கப்படுகின்றது. ஏரியின் வாயிலில் 33 மீட்டர் உயரமுள்ள சிவன் சிலை ஒன்று 2007 இல் நிறுவப்பட்டது. அதே உயரமுள்ள துர்க்கை சிலை 2017 இல் எழுந்தது.

அடியார்கள் தோளில் சுமந்த சிறிய "கான்வர்" காலப்போக்கில் சக்கரம் பூட்டிய பெரும் தேர் போன்ற அமைப்பாக வளர்ந்துவிட்டது. இளைஞர் குழுக்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு இவற்றை உயரமாகக் கட்டுகின்றன. 2024 மார்ச்சில் இத்தகைய ஓர் ஊர்தி மின்கம்பியில் உரசித் தீப்பற்றியதில் ஆறு பேர் உயிரிழந்தனர். பக்தியின் அளவை ஊர்தியின் உயரத்தால் காட்டவேண்டுமா என்னும் கேள்வி இதற்கு முன்பே எழுந்ததுதான். அவ்விபத்துக்குப் பின் அது பொதுவெளியில் உரத்து ஒலித்தது.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரிய சமாசம் இத்தீவை அடைந்தது. 1907 இல் வந்த வழக்குரைஞர் மணிலால் டாக்டர் இதற்குத் துணை நின்றார். உருவ வழிபாட்டையும் சாதி வேற்றுமையையும் எதிர்த்த இவ்வியக்கம், மாலைநேர இந்தி வகுப்புகள் மூலமும் பெண்கல்வி மூலமும் தோட்டத் தொழிலாளரிடையே பரவியது. சனாதன மரபினருக்கும் ஆரிய சமாசத்தினருக்கும் இடையிலான பிரிவு இன்றும் தனித்தனி அமைப்புகளாகத் தொடர்கின்றது.

தமிழர் சமய வாழ்வு

மொரிசியஸ் தமிழரின் முதன்மை விழா தைப்பூசக் காவடியாகும். இது அரசு விடுமுறை நாளும் ஆகும். பத்து நாள் புலால் நீக்கி நோன்பிருந்து, பூவும் எலுமிச்சையும் கட்டிய காவடியுடன், நாவிலும் கன்னத்திலும் வேல் தரித்து அடியார்கள் ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்குச் செல்கின்றனர். காவடி எடுப்போரில் தமிழரல்லாத இந்துக்களும், சில கிரியோல் கத்தோலிக்கரும் இருப்பதுண்டு. காத்ர் போர்ன் நகரருகே கோர் தெ கார்த் மலைச் சரிவில் அமைந்துள்ள முருகன் கோயிலும், போர்ட் லூயிசில் "கைலாசம்" என வழங்கும் சொக்கலிங்க மீனாட்சி அம்மன் கோயிலும் பெயர் பெற்றவை. அம்மன் கோயில்களில் தீமிதி நடைபெறுகின்றது. புரட்டாசி மாதத்தில் "கோவிந்தன்" எனப்படும் நோன்பு கடைப்பிடிக்கப்படுகின்றது. அதன் முடிவில் வாழையிலையில் பரிமாறும் "ஏழு கறி" உணவு, இன்று தமிழரல்லாதாரும் விரும்பி உண்ணும் ஒன்று.

தமிழை வீட்டில் பேசுவோர் மிகச் சிலரே. கிரியோல் மொழியே எல்லோருக்கும் பேச்சு மொழி. ஆயினும் கோயிலில் தமிழ் ஒலிக்கின்றது. தேவாரமும் திருப்புகழும் உரோமன் எழுத்துகளில் பெயர்த்தெழுதப்பட்டு ஓதப்படுகின்றன. பொருள் அறியாது ஓதுவது பற்றிய மனக்குறை இச்சமூகத்தில் நெடுங்காலமாக உண்டு. பள்ளிகளில் தமிழ் ஒரு விருப்பப் பாடமாகக் கற்பிக்கப்பட்டாலும், அதனைக் கற்பதற்கான காரணமாகப் பெற்றோர் கூறுவது பெரும்பாலும் சமயமே. பெயர்களும் பிரெஞ்சு ஒலிப்பின் வழியே மாறியுள்ளன. சுப்பிரமணியர் "சூப்ரமணியர்" ஆகவும், அம்மன் "அம்மென்" ஆகவும் கோயிற் பலகைகளில் எழுதப்படுவதைக் காணலாம்.

இத்தனிமை உணர்வின் ஆழம் 1998 இல் வெளிப்பட்டது. அதுவரை நாணயத்தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்ததாகத் தமிழும், அதன்பின் இந்தியும் இடம்பெற்றிருந்தன. அவ்வாண்டில் வெளியான புதிய தாள்களில் இவ்வரிசை மாற்றப்பட்டுத் தமிழ் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. தமிழ் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. முடிவில் தாள்கள் மீளப்பெறப்பட்டு, பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சிடப்பட்டன. எதிர்ப்பாளர் முன்வைத்த வாதங்களுள் ஒன்று, பிரெஞ்சுக்காலத்திலேயே வந்தவர்கள் தமிழர் என்பதாகும்.

நாட்டின் முதலாவது குடியரசுத் தலைவரான சர் வீராசாமி ரிங்காடு (1992) தமிழ் வம்சாவளியினர் ஆவார்.

கிறித்தவம்

கத்தோலிக்கரில் பெரும்பாலோர் அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்கள். பிரெஞ்சு வழித்தோன்றல்களும், சீனர்களில் மிகப் பலரும், இந்திய வம்சாவளியினருள் ஒரு பகுதியினரும் கத்தோலிக்கரே.

அடிமை முறை ஒழிந்த ஆறு ஆண்டுகளின் பின், 1841 செப்டம்பரில், ஜாக் தெசிரே லவால் (1803 - 1864) என்னும் பிரெஞ்சுக் குரு போர்ட் லூயிசை வந்தடைந்தார். குருவாகும் முன் இவர் மருத்துவராக இருந்தவர். விடுதலை பெற்றும் நிலமோ கல்வியோ இன்றி விடப்பட்ட மக்களிடையே, அவர்களது கிரியோல் மொழியைக் கற்று அவர் பணிபுரிந்தார். வெள்ளையர் பலர் இதனை விரும்பவில்லை. 1864 செப்டம்பர் 9 அன்று அவர் இறந்தபோது பெருந்திரளான மக்கள் இறுதி ஊர்வலத்தில் கலந்துகொண்டனர். 1979 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார்.

போர்ட் லூயிசின் சேந்த் குருவாப் பகுதியில் உள்ள இவரது கல்லறைக்கு ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 8 இரவு தொடங்கி மக்கள் நடந்து செல்கின்றனர். இந்துக்களும் முசுலிம்களும் சீனரும் கூடவே செல்வது இவ்யாத்திரையின் தனிச்சிறப்பு. இந்துக்கள் சிலர் சிவராத்திரிக்குச் செல்வது போன்றே நேர்த்திக்கடனாக இதனைச் செய்கின்றனர். 2019 இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்நாட்டுக்கு வந்ததும் செப்டம்பர் 9 ஆம் நாளிலேயே ஆகும்.

சீர்திருத்தத் திருச்சபைகளுள், இலண்டன் மிசனைச் சேர்ந்த ழான் லெப்ரன் 1814 இல் வந்து, வெள்ளையரல்லாத சிறுவருக்குப் பள்ளி தொடங்கியது குறிப்பிடத்தக்கது. போர்ட் லூயிசின் ஆங்கிலிக்கப் பேராலயம், பிரெஞ்சுக்காரரின் பழைய வெடிமருந்துக் கிடங்கொன்றை மாற்றி அமைக்கப்பட்டதாகும். அண்மைப் பத்தாண்டுகளில் பெந்தகோஸ்து சபைகள் கிரியோல் மக்களிடையேயும் ஏழை இந்துக்களிடையேயும் வளர்ந்துள்ளன.

இசுலாம்

முசுலிம்களில் பெரும்பாலோர் சுன்னிகள். ஒப்பந்தத் தொழிலாளராக வந்தோரின் வழியினரே எண்ணிக்கையில் மிகுதி. எனினும் குசராத்திலிருந்து வணிகராக வந்த கச்சி மேமன்களும் சூரத்தியரும் செல்வாக்கு மிக்கவர்கள். போர்ட் லூயிசின் நடுவே, சீனர் கடைத்தெருவை ஒட்டி அமைந்துள்ள சும்மா பள்ளிவாசல் மேமன் வணிகரால் 1850களில் நிறுவப்பட்டது. முகர்ரம் பத்தாம் நாளில் கூடு கட்டி ஊர்வலம் செல்லும் "கூன்" விழா 19 ஆம் நூற்றாண்டில் சமய வேறுபாடின்றிப் பலரும் கலந்துகொண்ட ஒன்றாக இருந்தது. சீர்திருத்தக் கருத்துடைய முசுலிம்கள் ஏற்காமையால் இன்று அது சுருங்கிவிட்டது.

அகமதியா இயக்கம் 1910களில் இங்கு வேரூன்றியது. ரோஸ் ஹில் பள்ளிவாசல் யாருக்குரியது என்று எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1920 இல் அகமதியருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர்கள் அதே ஊரில் தங்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல் அமைத்துக்கொண்டனர்.

சீனர் வழிபாடு

போர்ட் லூயிசின் லே சலின் பகுதியில் உள்ள குவான் தீ கோயில் 1842 இல் நிறுவப்பட்டது. சீனரில் பெரும்பாலோர் பின்னர் கத்தோலிக்கராயினர். ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும் குடும்பமே புத்தாண்டில் முன்னோருக்கு ஊதுவத்தி ஏற்றுவதும் உண்டு. இதில் முரண் இருப்பதாக அவர்கள் கருதுவதில்லை.

அரசும் சமயமும்

1968 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மனச்சான்று உரிமையை உறுதி செய்கின்றது. அரசு சமயம் என ஒன்றில்லை. அதே வேளையில் அரசு சமயங்களிலிருந்து விலகி நிற்பதும் இல்லை. உரோமன் கத்தோலிக்கம், ஆங்கிலிக்கம், பிரசுபித்தேரியம், ஏழாம் நாள் அத்வந்து சபை, இந்து சமயம், இசுலாம் ஆகிய ஆறும் விடுதலைக்கு முன்பே சட்ட ஏற்புப் பெற்றவை. கணக்கெடுப்பில் பதிவான தொகைக்கு ஏற்ப இவற்றுக்கு ஆண்டுதோறும் அரசு மானியம் கிடைக்கின்றது. ஆகவே கணக்கெடுப்புப் படிவத்தில் எவ்வாறு பதியவேண்டும் என்று சமய அமைப்புகள் தம் மக்களை அறிவுறுத்துவது வியப்பன்று. தைப்பூசம், சீனப் புத்தாண்டு, சிவராத்திரி, உகாதி, ஈகைத் திருநாள், விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, கிறிஸ்துமஸ் ஆகியவை விடுமுறை நாட்கள். மரியாளின் விண்ணேற்பு, அனைத்துப் புனிதர் நாள் ஆகிய இரண்டும் ஒன்றுவிட்ட ஆண்டுகளில் மாறி மாறி விடுமுறையாகின்றன.

மிகவும் சர்ச்சைக்குரியது தேர்தல் முறையாகும். நாடாளுமன்றத்துக்கு 62 பேர் வாக்களிப்பால் தேர்ந்தெடுக்கப்படுவர். மேலும் எட்டு இடங்கள், போதிய இடம் பெறாத சமூகங்களைச் சேர்ந்த, தோல்வியுற்ற வேட்பாளருக்கு வழங்கப்படலாம். இதற்காக மக்கள் இந்துக்கள், முசுலிம்கள், சீனர், "பொது மக்கள்" என நான்காகப் பகுக்கப்பட்டுள்ளனர். முதலிரண்டும் சமயத்தாலும், மூன்றாவது பூர்வீகத்தாலும் அமைந்தவை. தம் வாழ்க்கை முறையால் இம்மூன்றிலும் சேராதோர் அனைவரும் நான்காவது பிரிவினர். அளவுகோல் ஒன்றாக இல்லாத இப்பகுப்பு தருக்க முறைப்படி குறையுடையதே. ஆயினும் சிறுபான்மையினர் அச்சமின்றி விடுதலையை ஏற்க இது உதவியது என்பதை இதன் எதிர்ப்பாளரும் மறுப்பதில்லை.

1972 க்குப் பின் கணக்கெடுப்பில் இச்சமூகப் பிரிவு கேட்கப்படுவதில்லை. இதனால் எட்டு இடங்களும் அவ்வாண்டின் எண்களைக் கொண்டே கணக்கிடப்பட்டு வந்தன. சமூகத்தைக் குறிப்பிட மறுத்தமையால் வேட்புமனு தள்ளப்பட்டவர்கள் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டனர். கட்டாய அறிவிப்பு அவர்களது உரிமையை மீறுகின்றது என 2012 இல் குழு கூறியது. 2014 தேர்தலுக்கு மட்டும் செல்லுபடியாகுமாறு ஒரு தற்காலிகத் திருத்தம் இவ்வறிவிப்பை விருப்பத்துக்கு விட்டது.

பள்ளிகளிலும் இத்தகைய சிக்கல் எழுந்தது. அரசு நிதி பெறும் கத்தோலிக்க இடைநிலைப் பள்ளிகள் தங்கள் இடங்களில் பாதியைக் கத்தோலிக்க மாணவருக்கு ஒதுக்கிவந்தன. தம் மகளின் வாய்ப்பு இதனால் பாதிக்கப்படும் என ஒரு தந்தை வழக்குத் தொடர்ந்தார். இவ்வொதுக்கீடு அரசியலமைப்புக்கு முரணானது என்னும் தீர்ப்பை இலண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் 2004 இல் உறுதி செய்தது.

மோதல்களும் இணக்கமும்

மொரிசியசைச் சமய நல்லிணக்கத்தின் எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். அது பெரிதும் உண்மையே. ஆனால் விடுதலைக்கு இரு மாதங்களுக்கு முன், 1968 சனவரியில், போர்ட் லூயிசில் கிரியோல் மக்களுக்கும் முசுலிம்களுக்கும் இடையே கலவரம் வெடித்துப் பிரித்தானியப் படை வரவழைக்கப்பட்டது. அதன்பின் கலந்து வாழ்ந்த தெருக்கள் பிரிந்தன. பிளேன் வெர்ட் பகுதி முசுலிம்களுக்கும் ரோச் புவா பகுதி கிரியோல் மக்களுக்கும் உரியவை என்னும் நிலை அக்காலத்தில் உறுதிப்பட்டது. 1999 பெப்ரவரியில் கிரியோல் பாடகர் காயா காவல்நிலையத்தில் இறந்து கிடந்ததைத் தொடர்ந்து நாடெங்கும் கலவரம் மூண்டது. குடியரசுத் தலைவர் காசிம் உதீமும் கர்தினால் மார்ஜியோவும் மக்களிடையே சென்று அமைதி வேண்டினர். நான்கு நாட்களின் பின் கலவரம் அடங்கியது. கிரியோல் மக்களின் வறுமையும் புறக்கணிப்பும் குறித்துக் கத்தோலிக்கக் குரு ஒருவர் 1993 இலேயே எச்சரித்திருந்தார்.

ரொட்ரிகஸ் தீவு

மொரிசியசின் பகுதியாக இருந்து 2002 முதல் தன்னாட்சி பெற்ற ரொட்ரிகஸ் தீவின் நிலை வேறானது. கரும்புத் தோட்டங்கள் இல்லாமையால் ஒப்பந்தத் தொழிலாளர் இங்கு கொண்டுவரப்படவில்லை. ஏறத்தாழ 43,000 மக்களில் பத்தில் ஒன்பது பங்கினர் கத்தோலிக்கர். இந்து, முசுலிம் குடும்பங்கள் மிகச் சிலவே. அவற்றுள் பல, வணிகத்துக்காகவோ அரசுப் பணிக்காகவோ மொரிசியசிலிருந்து வந்தவை.